ஆசாரிப்பள்ளம் யாருக்கு?

என் சித்தி வீடு நாகர்கோவிலில் இருக்கிறது. அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் டவுன் பஸ்ஸில் பத்து நிமிஷம். கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி அங்கேதான். சித்தியின் பேத்திக்கு எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்தது. தெருவுக்கே லட்டு கொடுத்தார்கள். மூன்றாம் நாள்தான் எந்தக் கல்லூரி என்று தெரிந்தது. வட மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரி. ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் காலையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும்.

சித்தி எனக்குப் போன் போட்டார். வாழ்த்துச் சொல்லக்கூட விடவில்லை.

“ஏ மக்கா, பத்து நிமிஷத்துல நம்ம ஊரு காலேஜ் கெடக்கு. காலையில சோறு பொங்கிக் குடுத்து அனுப்பலாம். பிள்ளைய கண்காணாத இடத்துல கொண்டு போட்டுட்டானுவளே! இங்க எங்கிருந்தோ எவனெவனோ வந்து படிக்கான். நீ பத்திரிகையில எழுதுகியே, இத எழுது!”

எழுதுகிறேன் சித்தி. ஆனால், நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி எழுத மாட்டேன். கோபம் நியாயம்தான், அது தப்பான விலாசத்துக்குப் போகிறது என்பதுதான் என் கட்சி.

சித்தியின் கேள்வி ஒவ்வொரு வருஷமும் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில் கேட்கப்படுகிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் மாவட்டத்துக் கல்லூரி, எங்கள் வரிப்பணம், எங்கள் ஊர் நோயாளிகள், சீட் மட்டும் யாருக்கோ. இது என்ன நியாயம்?

முதலில் சீட் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பார்த்துவிடுவோம். நான் பி.காம். படித்தவன். கணக்கைப் பார்க்காமல் சண்டைக்குப் போகக் கூடாது என்பது எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

ஆசாரிப்பள்ளத்தில் வருஷத்துக்கு 150 இடங்கள். அதில் 15 சதவிகிதம் அகில இந்திய ஒதுக்கீடு. 1986-லிருந்து இருக்கும் ஏற்பாடு இது. டெல்லியில் நடக்கும் கவுன்சலிங்கில் எந்த மாநிலத்துப் பிள்ளையும் அந்த இருபத்திச் சொச்சம் இடங்களை எடுக்கலாம். நம் பிள்ளைகளும் இதே கணக்கில் வெளி மாநிலங்களுக்குப் போகலாம். மீதி 85 சதவிகிதம் தமிழ்நாட்டுக்கு. அதில் 69 சதவிகித இட ஒதுக்கீடு. 2020-லிருந்து, அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடும் உண்டு.

இந்த வகைகளுக்குள் யாருக்கு எந்தக் கல்லூரி? அதைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம். ஒன்று, ரேங்க். இரண்டு, நீங்கள் கொடுக்கும் விருப்பப் பட்டியல். முன்பெல்லாம் குடும்பத்தோடு சென்னைக்கு ரயில் ஏறி, ஹாலில் காத்திருந்து, பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை காலி என்று பார்த்துக் கை காட்டுவோம். இப்போது வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பட்டியல் கொடுக்கிறோம். முதல் ரேங்க்காரரின் பட்டியலில் முதலில் இருக்கும் இடம் அவருக்கு. அடுத்தவருக்கு, மிச்சம் இருப்பதில் அவர் மேலே எழுதியது. இப்படியே கீழே இறங்கும். கல்யாணப் பந்தி மாதிரி. முதல் பந்திக்காரர் எல்லாப் பதார்த்தமும் பார்ப்பார். கடைசிப் பந்திக்கு ரசமும் மோரும்.

இந்த ஏற்பாட்டில் உங்கள் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்ற கேள்வியே கிடையாது. கம்ப்யூட்டருக்கு ஆசாரிப்பள்ளமும் தெரியாது, சித்தி வீட்டுச் சோறும் தெரியாது.

இடையில் ஓர் உபயோகமான சேதி. “சாய்ஸ் ஃபில்லிங் செய்து தருகிறோம்” என்று போர்டு மாட்டி ஆயிரக்கணக்கில் கறக்கும் கூட்டம் ஒன்று எல்லா ஊரிலும் முளைத்திருக்கிறது. பெரிய கல்லூரியை மேலே எழுதினால் சின்னக் கல்லூரியும் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். நம்பாதீர்கள். மேலே எழுதிய இடம் கிடைக்காவிட்டால், அந்த ரேங்க்குக்கு அடுத்த இடத்தைக் கம்ப்யூட்டர் பார்க்கும். ஆசைக்கு அபராதம் இல்லை. எது நிஜமாகவே பிடிக்கிறதோ அந்த வரிசையில் எழுதினால் போதும். வீட்டுப் பக்கம்தான் வேண்டும் என்றால், வீட்டுப் பக்கத்துக் கல்லூரியைத் தைரியமாக முதலில் எழுதுங்கள். இதற்கு ஒரு புரோக்கர் எதற்கு?

சரி, சித்தி கட்சிக்கு வருவோம். ‘நம்ம ஊரு காலேஜ் நம்ம ஊருக்கே’ என்று ஆக்கிவிட்டால் என்ன?

இது புது யோசனை இல்லை. செய்து பார்த்து, சுப்ரீம் கோர்ட்டில் குட்டு வாங்கிய யோசனை. அதுவும் ஒரு தரம் இல்லை, இரண்டு தரம்.

முதல் தரம் 1968. அப்போது மெட்ராஸ் ஸ்டேட். மருத்துவ இடங்களை ஜனத்தொகைப்படி மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மாநிலம் முழுக்க ஒரே பட்டியல் என்றால் தலைநகரத்துப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு வாதம். அந்தந்த மாவட்டத்தில் தேர்வானவர்கள் அங்கேயே டாக்டராக உட்காருவார்கள் என்று இன்னொரு வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ராஜேந்திரன் என்ற மாணவர் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் இரண்டையும் ஏற்கவில்லை. ஒரு மாவட்டத்தில் நிறைய மார்க் வாங்கியவன் வெளியே நிற்க, பக்கத்து மாவட்டத்தில் குறைந்த மார்க்காரன் உள்ளே போவது சமத்துவம் ஆகாது என்று அடித்துவிட்டது.

இரண்டாம் தரம், 1970-ல் தீர்ப்பு வந்த பெரியகருப்பன் வழக்கு. மாவட்டம் என்று சொன்னால்தானே வம்பு என்று, 1970-71 அட்மிஷனுக்கு ‘யூனிட்’ என்று பெயர் வைத்தார்கள். சென்னை நகரக் கல்லூரிகள் எல்லாம் சேர்த்து ஒரு யூனிட். வெளியூர்க் கல்லூரி ஒவ்வொன்றும் ஒரு யூனிட். ஒருவர் ஒரு யூனிட்டுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதற்கே விண்ணப்பிப்பது நல்லது என்று அறிவுரை வேறு. ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனிக் கமிட்டி. இன்டர்வியூவுக்கு மட்டும் 75 மார்க். விளைவு? மதுரையில் விண்ணப்பித்ததால் கிடைத்தது, சென்னையில் விண்ணப்பித்ததால் கிடைக்கவில்லை என்கிற லாட்டரி. கோர்ட் இதையும் தள்ளியது. மாநிலம் முழுக்க ஒரே வரிசை என்கிற இன்றைய முறைக்கு அடித்தளம் இந்த இரண்டு தீர்ப்புகள்தான்.

“கோர்ட் கெடக்கட்டும், நம்ம மாவட்டத்துக்கு நல்லதுதானே?” என்று கேட்பீர்கள். இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொள்கிறது.

2011 சென்சஸ்படி தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7.21 கோடி. கன்னியாகுமரி மாவட்டம் 18.7 லட்சம். அதாவது 2.6 சதவிகிதம். அரசு மருத்துவ இடங்கள் மாநிலத்தில் சுமார் 5,000. அகில இந்தியப் பங்கு போக 4,250. ஜனத்தொகைப்படி பிரித்தால் நம் மாவட்டத்துக்கு 110 வரும். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. நூற்றிப் பதினோராவது பிள்ளை எவ்வளவு மார்க் வாங்கினாலும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இதே சென்சஸில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவிகிதம். மாநிலத்திலேயே முதலிடம். மாநிலச் சராசரி 80 சதவிகிதம். படிப்பில் முந்தி ஓடுகிற ஊர், “எங்களுக்கு ஜனத்தொகைக் கணக்குப்படி கொடுங்கள்” என்று கேட்பது, நன்றாக ஓடுகிறவன் தன் காலில் தானே கயிறு கட்டிக்கொள்கிற கதை.

இதை அனுபவித்தவர்களைக் கேட்க வேண்டுமென்றால், கடல் தாண்டி யாழ்ப்பாணத்தைக் கேளுங்கள். 1970-களில் இலங்கையில் முதலில் மார்க்கைத் ‘தரப்படுத்தினார்கள்’. அப்புறம் மாவட்டக் கோட்டா. மருத்துவத்துக்கும் இன்ஜினீயரிங்குக்கும் முன்னால் நின்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஒரே பேனா வீச்சில் பின்னால் தள்ளப்பட்டார்கள். அதன் கசப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பின்தங்கிய மாவட்டங்களுக்கு அதனால் நன்மை கிடைத்ததும் உண்மை. ஆனால் நாஞ்சில் நாடு அந்தத் தராசில் எந்தத் தட்டில் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

“அதெல்லாம் வேண்டாம், ஆசாரிப்பள்ளத்தின் இடங்களை மட்டும் எங்களுக்கே கொடுங்கள்” என்றால்? அகில இந்தியப் பங்கு போக 128 இடம். நம் பங்கான 110-ஐ விட அதிகம். அந்த உபரி யார் தட்டிலிருந்து வருகிறது? 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். அப்போதும் தென்காசிக்கு வரவில்லை, மயிலாடுதுறைக்கு வரவில்லை. அவரவர் கல்லூரி அவரவருக்கே என்றால் தென்காசிப் பிள்ளை எங்கே போகும்? நேற்று வரை திருநெல்வேலி மாவட்டமாக இருந்து 2019-ல் பிரிந்த ஊர். பிரித்த கோட்டுக்கு இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் பூஜ்யமா?

நம் ஊர் மட்டும் என்ன? கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-ல். சொந்தக் கல்லூரி வந்தது 2001-ல். நடுவில் 45 வருஷம். அந்த 45 வருஷமும் நம் பிள்ளைகள் திருநெல்வேலியிலும் மதுரையிலும் சென்னையிலும் போய்த்தானே டாக்டரானார்கள்? அன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் “எங்க ஊரு காலேஜ்” என்று கதவைச் சாத்தவில்லை. இன்றைக்கு நமக்கு ஒன்று வந்துவிட்டது என்பதற்காக நாம் தாழ்ப்பாள் போடலாமா?

‘ரேங்க் மட்டும் நியாயமா? நீட் வந்த பிறகு கோச்சிங் சென்டருக்குக் காசு கட்டினவன்தானே முன்னால் நிற்கிறான்?’ என்று கேட்பவர்களுக்கு: சரியான கேள்வி. ஆனால் அது வரிசை எப்படி உண்டாகிறது என்கிற கேள்வி. அதற்கு ஒரு சின்னப் பதில்தான் 7.5 சதவிகிதம். இந்த வாரம் நான் பேசுவது, வரிசை உண்டான பிறகு யார் எந்த ஊருக்கு என்பதை.

இப்போது நிஜமான கோபத்துக்கு வருவோம்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றுதான். சென்னையில் படித்தாலும் ஆசாரிப்பள்ளத்தில் படித்தாலும் அதே பாடம், அதே பரீட்சை, அதே பட்டம். கட்டணமும் ஒன்றேதான். அப்படியானால் எந்த ஊரில் படித்தால் என்ன? ஏன் நல்ல ரேங்க்காரர்கள் எல்லாம் 1835-ல் ஆரம்பித்த சென்னை மருத்துவக் கல்லூரிக்கே ஓடுகிறார்கள்? ஸ்டான்லி, மதுரை, கோவை என்று வரிசையாக நிரம்பி, புதிய கல்லூரிகள் ஏன் கடைசியில் நிரம்புகின்றன?

பதில் எல்லோருக்கும் தெரியும். பட்டம் ஒன்று; பயிற்சி ஒன்றல்ல. ஓரிடத்தில் எல்லாத் துறைக்கும் பேராசிரியர் இருக்கிறார். இன்னோரிடத்தில் நாற்காலி மட்டும் இருக்கிறது. ஓரிடத்தில் இருதய ஆபரேஷனை மாணவன் பக்கத்தில் நின்று பார்க்கிறான். இன்னோரிடத்தில் அந்த நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவதைப் பார்க்கிறான்.

2022-ல் திறந்த அந்த 11 கல்லூரிகளில் 1,450 இடங்கள். கை தட்டினோம், தட்ட வேண்டியதுதான். ஆனால், கட்டடத்தை இரண்டு வருஷத்தில் எழுப்பிவிடலாம். ஒரு பேராசிரியர் உருவாக எம்.பி.பி.எஸ்., மேற்படிப்பு, அதற்கு மேல் அனுபவம் என்று பதினைந்து இருபது வருஷம் ஆகும். அதற்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது. அதனால் யாரும் கவலைப்படுவதும் கிடையாது.

ஒரு காலத்தில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் பழைய கல்லூரியிலிருந்து டாக்டர்களைப் புதிய கல்லூரிக்கு அனுப்பி உட்காரவைத்துக் கணக்குக் காட்டுவார்கள். ஊரறிந்த ரகசியம். கல்யாண வீட்டுக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பது போல, வாடகைப் பேராசிரியர்! அதைத் தடுக்கத்தான் விரல் ரேகை வருகைப் பதிவு வந்தது. வந்ததும் என்ன ஆயிற்று? 2023 மே மாதம் ஸ்டான்லி, திருச்சி, தருமபுரி கல்லூரிகளுக்கு வருகைப் பதிவு, கேமரா குறைகளைச் சொல்லி அங்கீகாரச் சிக்கல். பிறகு சரியானது. 2025-ல் தேசிய மருத்துவ ஆணையம் தமிழ்நாட்டின் 36 அரசுக் கல்லூரிகளில் 34-க்கு ஆசிரியர் பற்றாக்குறை, வருகைக் குறைவு என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அங்கீகாரத்துக்கு ஆபத்தில்லை என்று அமைச்சர் சொன்னார். அங்கீகாரத்துக்கு ஆபத்தில்லை, சரி. பாடத்துக்கு?

இப்போது ஒரு வியாபாரக் கேள்வி. ஒரு கம்பெனி பொதுமக்களுக்குப் பங்கு விற்க வேண்டுமென்றால், தன் ஜாதகத்தையே அச்சடித்துக் கொடுக்க வேண்டும். என்ன லாபம், என்ன கடன், என்ன வழக்கு எல்லாவற்றையும். மறைத்தால் செபி காதைத் திருகும். பத்தாயிரம் ரூபாய் போடுகிறவனுக்கே இவ்வளவு பாதுகாப்பு. வாழ்க்கையில் ஐந்தரை வருஷத்தைப் போடுகிற பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம்? கல்லூரியின் பெயரும், இடங்களின் எண்ணிக்கையும். அவ்வளவுதான். மீதியைப் புரோக்கரிடமும் சீனியரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் கோரிக்கை இது. கவுன்சலிங் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால், ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் ஒரு பக்க ‘பேலன்ஸ் ஷீட்’, தமிழில், ஒரே படிவத்தில், ஒரே இடத்தில் வெளியிடுங்கள். எந்தத் துறையில் எத்தனை ஆசிரியர் பணியிடம், எத்தனை காலி, எத்தனை மாதமாகக் காலி? தினம் எத்தனை நோயாளி? எத்தனை பிரசவம்? ஹாஸ்டலில் ஓர் அறைக்கு எத்தனை பேர்? எந்தெந்த நோய்க்கு வெளியூருக்கு அனுப்புகிறீர்கள்? இந்தக் கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது. வெளியிடச் செலவு இல்லை, வெட்கம்தான் செலவு.

இரண்டாவது, இந்த ‘அப்கிரேடு’ கூத்து. முதல் ரவுண்டில் ஓர் ஊரில் கிடைக்கிறது. பெட்டி, படுக்கை, ஹாஸ்டல் அட்வான்ஸ் எல்லாம் ஆகிறது. அடுத்த ரவுண்டில் மேலே எழுதிய கல்லூரியில் காலி வந்து அங்கே இடம் விழுகிறது. பழைய இடம் ரத்து. மறுபடி பெட்டி, மறுபடி படுக்கை. வசதி இருக்கிறவனுக்கு இது தொந்தரவு. கடன் வாங்கிச் சேர்த்த மீனவக் குடும்பத்துக்கு இது தண்டனை. எல்லா ரவுண்டும் முடிந்த பிறகு வகுப்பைத் தொடங்கினால் என்ன குடி முழுகிவிடும்? படிப்பு தொடங்கிய பிறகு கல்லூரி மாறுவது குதிரைக்கொம்பு என்பதால், கடைசி வரை எல்லோரும் ரயில் பெட்டியில் ஸீட் தேடுவது போலவே அலைகிறார்கள்.

மூன்றாவதும் முக்கியமானதும்: ஒரு பல்கலைக்கழகம் என்றால் ஒரு பல்கலைக்கழகமாக நடத்துங்கள். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஒரே மருத்துவக் கல்லூரி ஒன்பது ஊர்களில் நடக்கிறது. அங்கேயும் பிள்ளைகள் எந்த ஊர் வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்கிறார்கள். ஆனால் நிர்வாகம் ஒன்று, கல்லூரி ஒன்று, ஊர்கள் அதன் கை கால்கள். நமக்குப் பரீட்சைப் பேப்பர் மட்டும் பொதுவாக இருக்கிறது. சென்னையின் சிறந்த பேராசிரியர் ஆசாரிப்பள்ளத்தில் ஆறு மாதம் பாடம் எடுப்பதற்கு நம் ஏற்பாட்டில் ‘டிரான்ஸ்ஃபர்’ என்று ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அந்தச் சொல்லும் இங்கே தண்டனை என்ற அர்த்தத்தில்தான் புழங்குகிறது.

நாஞ்சில் நாட்டுக்கு வருவது தண்டனையா? நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவம் தொடங்கியது. எவரெஸ்ட் மலையேற 1922-லும் 1924-லும் போன குழுக்களில் இருந்த சோமர்வெல் என்ற இங்கிலாந்து டாக்டர், லண்டனில் கொழிக்க வேண்டிய வேலையை விட்டுவிட்டு, அந்த நெய்யூர் ஆஸ்பத்திரியில் வந்து ஆண்டுக்கணக்கில் கத்தி பிடித்தார். அவருக்கு யாரும் அலாட்மென்ட் ஆர்டர் கொடுக்கவில்லை. வேலை செய்ய ஓர் ஆஸ்பத்திரி இருந்தது; வேண்டும் என்று கேட்க நோயாளிகள் இருந்தார்கள். நல்ல டாக்டர் தங்க அதுதான் முதல் தேவை.

ஆசாரிப்பள்ளத்திலும் நோயாளிகள் இருக்கிறார்கள். கடற்கரையிலிருந்தும் மலையோரத்திலிருந்தும் விடியற்காலையில் வந்து ஓ.பி. சீட்டுக்கு நிற்கிறார்கள். வரிசையில் நிற்கும் அந்த அம்மாவுக்கு, உள்ளே இருக்கும் ஹவுஸ் சர்ஜன் நாகர்கோவில்காரனா நாமக்கல்காரனா என்பது ஒரு பொருட்டே இல்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு பேராசிரியர் இருந்தாரா என்பதுதான் அவள் உயிர். அவர் இல்லாவிட்டால், அவளை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்கு ஓடும்.

நாகர்கோவில்காரர்களே, கலெக்டர் ஆபீஸ் முன்னால் போய் ‘எங்கள் சீட் எங்களுக்கே’ என்று கோஷம் போடாதீர்கள். ‘எங்கள் கல்லூரியில் எத்தனை நாற்காலி காலி?’ என்று கேளுங்கள். முதல் கோஷத்துக்குச் சட்டம் குறுக்கே நிற்கும். இரண்டாவது கேள்விக்குக் குறுக்கே நிற்க எந்தச் சட்டமும் இல்லை.

சித்தியிடம் இதையெல்லாம் போனில் சொன்னேன். கடைசி வரை கேட்டார். பிறகு, “அதுக்கு எம் பிள்ளைக்கு அங்க சோறு யாரு பொங்கிக் குடுப்பா?” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால், நாமக்கல்லிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ ஒரு பிள்ளை ஆசாரிப்பள்ளம் ஹாஸ்டலில் வந்து இறங்கியிருக்கும் அல்லவா? அதற்கும் அங்கே யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதைக் கூப்பிட்டு ஒரு வாய் மீன் குழம்பு போடுங்கள் சித்தி. அந்தப் பிள்ளைதான் நாளைக்கு உங்கள் நாடியைப் பிடித்துப் பார்க்கப் போகிறது.